தமிழ்ப்பள்ளியில் கற்ற இலக்கணத்தைக் கொண்டு ஆங்கிலம் வாசிக்கப் பழகுவது எப்படி

மாலை வகுப்புக்கு வரும் இடைநிலைப்பள்ளிப் பிள்ளைகளிடம் நான் முதல் நாளில் ஒரே ஒரு சோதனைதான் வைப்பேன். ஓர் ஆங்கிலப் பத்தியைக் கொடுத்து உரக்க வாசிக்கச் சொல்வேன். படிவம் இரண்டு அல்லது மூன்றில் படிப்பவர்களில் பலரும் தடுமாறாமல் வாசித்துவிடுவார்கள். பிறகு தாளை வாங்கிக்கொண்டு, அதில் சொல்லியிருப்பதைத் தமிழில் சொல்லுமாறு கேட்பேன். அங்கேதான் வாய் அடைத்துப்போகும். எழுத்தை ஒலியாக மாற்றும் திறன் வந்துவிட்டது, பொருளை எடுக்கும் திறன் இன்னும் வரவில்லை என்பது அப்போது எனக்கும் அந்தப் பிள்ளைக்கும் ஒருசேரத் தெரிந்துவிடும்.

மலேசியாவில், சிலாங்கூர் மாநிலத்தின் பெஸ்தாரி ஜெயா போன்ற ஓர் ஊரில் (பெரியவர்கள் இன்றும் பத்தாங் பெர்ஜுந்தை என்றே சொல்கிறார்கள்) ஆங்கிலம் காதில் விழும் இடங்கள் குறைவு. வீட்டிலும் கோயிலிலும் தமிழ், கடைத்தெருவிலும் பள்ளி அலுவலகத்திலும் மலாய். எனவே நம் பிள்ளைகள் ஆங்கிலத்தைக் கேட்டுப் பழகுவதைவிட வாசித்துப் பழகுவதே நடக்கக்கூடிய வழி. அந்த வழியில் அவர்களிடம் ஏற்கெனவே ஒரு பெரிய கைம்முதல் இருக்கிறது. ஆறு ஆண்டுகள் தமிழ்ப்பள்ளியில் எழுவாய், பயனிலை, செயப்படுபொருள், வேற்றுமை உருபு, பெயரெச்சம் என்று படித்த இலக்கணம்தான் அது. இடைநிலைப்பள்ளிக்குள் நுழைந்ததும் அதை மூட்டை கட்டி வைத்துவிடுகிறார்கள். அந்த மூட்டையை மறுபடி அவிழ்ப்பது எப்படி என்பதே இந்தக் கட்டுரையின் பொருள்.

தேர்வைப் பற்றி முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இடைநிலைப்பள்ளி முடிவில் எழுதும் எஸ்.பி.எம். தேர்வில், 2021-ஆம் ஆண்டுத் தேர்விலிருந்து ஆங்கிலப் பாடம் வாசிப்பு, எழுத்து, பேச்சு, கேட்டல் என நான்கு தாள்களாக நடக்கிறது. வாசிப்புத் தாளில் 40 கேள்விகள், ஒன்றரை மணி நேரம். அறிவிப்பு, குறுஞ்செய்தி போன்ற சிறு பனுவல்களில் 8 கேள்விகள், இடைவெளி நிரப்பும் பத்தியில் 10, நீண்ட பனுவலில் 8, விடுபட்ட வாக்கியங்களை உரிய இடத்தில் பொருத்துவதில் 6, கடைசிப் பகுதியில் 8. இலக்கணத்துக்கென்று தனித்தாள் கிடையாது. வாசிப்பும் இலக்கணமும் ஒரே தாளில் பின்னிக் கிடக்கின்றன. ஆகவே இரண்டையும் சேர்த்தே பழக வேண்டும். சான்றிதழ் பெறுவதற்குத் தேசிய மொழியிலும் வரலாற்றிலும்தான் தேர்ச்சி கட்டாயம் என்பதால் ஆங்கிலத்தைக் கைவிடும் பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். பிற்பாடு பல்கலைக்கழக வாசலில் மூவெட் என்ற ஆங்கிலத் தேர்வு வந்து நிற்கும்போது அந்த இழப்பு அவர்களுக்குப் புரிகிறது. அதற்குள் காலம் கடந்துவிடுகிறது என்பதுதான் என் மனத்தை உறுத்துவது.

தினமும் அரை மணி நேரம் போதும். ஆனால் தினமும் வேண்டும். வாசிக்க எடுக்கும் பத்தி நூற்றைம்பது முதல் இருநூறு சொற்களுக்குள் இருக்கட்டும். அதில் தெரியாத சொற்கள் ஐந்தாறுக்கு மேல் போனால் அந்தப் பத்தியை வைத்துவிட்டு எளிதான ஒன்றைத் தேடுங்கள். கடினமானதோடு மல்லுக்கட்டுவது உழைப்பைப் போலத் தோன்றும், வாசிப்பு மட்டும் வளராது. படிவம் நான்கில் இருக்கும் பிள்ளை படிவம் ஒன்றின் பாடநூலிலிருந்து தொடங்குவதில் எந்த வெட்கமும் இல்லை. ஆங்கில நாளிதழின் உள்ளூர்ச் செய்திகள், விளையாட்டுச் செய்திகள், மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைத்திருக்கும் தாள், களைக்கொல்லிப் புட்டியின் எச்சரிக்கை ஆகிய எல்லாமே வாசிப்புக்கு உகந்தவை. தேர்வின் முதல் பகுதியில் வரும் சிறு பனுவல்களும் ஏறக்குறைய இதே வகைதான்.

ஒரே பத்தியை மூன்று முறை வாசிக்க வேண்டும். முதல் முறை அகராதியைத் தொடக் கூடாது. யார், எங்கே, என்ன நடந்தது என்ற அளவுக்குப் பிடிபட்டால் போதும். இரண்டாம் முறை, பென்சிலால் ஒவ்வொரு வாக்கியத்தின் முதன்மை வினைச்சொல்லையும் வட்டமிட வேண்டும். மூன்றாம் முறைக்கு முன் அகராதியைப் பார்த்துக்கொள்ளலாம். வாசித்து முடித்ததும் தாளை மூடிவிட்டு, முழுப் பத்தியையும் தமிழில், வீட்டில் இருப்பவரிடம் ஒரு சேதியைச் சொல்வதுபோல் சொல்ல வேண்டும். சொல்லுக்குச் சொல் மொழிபெயர்ப்பது இங்கே வேண்டாம். "இதுக்கு முன்னாடி அவன் எங்க வேலை செஞ்சான்?" என்று அம்மா குறுக்கே ஒரு கேள்வி கேட்டு, பிள்ளையால் விடை சொல்ல முடியாவிட்டால், அந்த வாக்கியத்தைத்தான் மறுபடி பார்க்க வேண்டும். ஆங்கிலமே தெரியாத பெற்றோரும் பிள்ளைக்கு ஆங்கிலப் பயிற்சி தர முடியும் என்பதை நான் இப்படித்தான் கண்டேன். செம்பனைத் தோட்டத்தில் வேலை முடித்து வந்த ஒரு தாய் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து கேட்கும் கேள்விகள், பயிற்சி நூலில் இருக்கும் கேள்விகளைவிடக் கூர்மையாக இருந்ததை நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

இரண்டாம் வாசிப்பில் வினையை வட்டமிடச் சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. தமிழில் பயனிலை வாக்கியத்தின் கடைசியில் நிற்கும். ஆங்கிலத்தில் எழுவாயை ஒட்டி நடுவில் நிற்கும். பெயரெச்சத்தின் நிலையும் தலைகீழ். "போன ஆண்டு லாரி வாங்கிய ஆள்" என்று நாம் சொல்வதில் விளக்கம் முதலிலும் ஆள் பிறகும் வருகிறார். ஆங்கிலத்தில் "தி மேன் ஹூ பாட் தி லாரி லாஸ்ட் இயர்" என்று ஆள் முதலில் வந்துவிடுவார். விளக்கம் பின்னால் தொங்கிக்கொண்டு வரும். இப்போது "தி மேன் ஹூ பாட் தி லாரி லாஸ்ட் இயர் ஹாஸ் சோல்ட் இட்" என்ற வாக்கியத்தைக் கொடுத்து, போன ஆண்டு என்ன நடந்தது என்று கேட்டால், லாரியை விற்றார் என்று பாதிப் பிள்ளைகள் சொல்வார்கள். "ஹூ", "விச்", "தட்" என்ற சொல் பெயரை அடுத்து வந்தால், அங்கிருந்து முதன்மை வினைக்கு முன்வரை ஓர் அடைப்புக்குறி போடச் சொல்லுங்கள். அடைப்புக்குள் இருப்பது பெயரெச்சத் தொடர். வெளியே மிஞ்சுவதே வாக்கியம். "தி மேன் ஹாஸ் சோல்ட் இட்" என்பது மிஞ்சியதும் பிள்ளையின் முகம் தெளிவதைப் பார்க்கலாம். தமிழில் சொல்லும்போது அடைப்புக்குள் இருப்பதைத் தூக்கிப் பெயருக்கு முன்னால் வைத்தால் போதும். நீண்ட வாக்கியங்களில் நம் பிள்ளைகள் தவறுவதற்கு முதற்காரணம் சொல்வளக் குறைவு அல்ல, இந்த இடமாற்றம்தான் என்பது என் திடமான கருத்து.

செயப்பாட்டு வினையும் அப்படிப்பட்டதே. "ஸ்டூடண்ட்ஸ் ஆர் ரிமைண்டட்" என்று ஓர் அறிவிப்பு தொடங்கினால், மாணவர்கள் யாருக்கோ நினைவூட்டுகிறார்கள் என்று எடுத்துக்கொள்வார்கள். "நினைவூட்டப்படுகிறார்கள்" என்ற வடிவத்தைத் தமிழில் ஒருமுறை எழுதிப் பார்த்தால் குழப்பம் தீரும்.

இலக்கணத்தில் நான் மிக அதிகமாகத் திருத்தும் தவறு "மை ஃபாதர் ஒர்க் இன் தி எஸ்டேட்" என்பது. "ஒர்க்ஸ்" என்று வர வேண்டிய இடத்தில் "ஸ்" விடுபடுகிறது. இதைத் தமிழ்ப் பிள்ளைகள் செய்வது எனக்கு முதலில் வியப்பாக இருந்தது. ஏனெனில் தமிழ் வினைமுற்று பெரும்பாலும் எழுவாயைப் பொறுத்து மாறும்: வருகிறேன், வருகிறாய், வருகிறான், வருகிறாள், வருகிறது. மலாயில்தான் "சாயா பெர்கி", "டியா பெர்கி" என்று வினை எவருக்கும் மாறுவதில்லை. பள்ளியில் நாள் முழுவதும் மலாயில் படித்துவிட்டு ஆங்கிலம் எழுதும்போது கை அந்தப் பழக்கத்தையே பின்பற்றிவிடுகிறது. ஆகவே "ஸ்" விடுபடும்போதெல்லாம் அந்த வாக்கியத்தைத் தமிழில் சொல்லச் சொல்லுங்கள். வினை "-ஆன்", "-ஆள்", "-அது" என்று முடிந்தாலோ, ஒருவரை மரியாதையாகக் குறித்து "-ஆர்" என்று முடிந்தாலோ, ஆங்கில நிகழ்கால வினையில் "ஸ்" வர வேண்டும். எதிர்மறையிலும் கேள்வியிலும் அந்த "ஸ்" "டஸ்" என்ற துணைவினைக்கு இடம் மாறிவிடும். முதன்மை வினையில் மறுபடி வராது. "ஷி டஸ் நாட் கோஸ்" என்பது பிழை, "ஷி டஸ் நாட் கோ" என்பதே சரி. "டிட் நாட் வென்ட்" என்பதும் இதே வகைப் பிழை. இறந்தகாலத்தை "டிட்" சுமந்துகொண்டபின் "கோ" தன் இயல்பான வடிவத்துக்குத் திரும்பிவிடுகிறது.

"எ", "ஆன்", "தி" என்ற மூன்றும் தமிழிலும் இல்லை, மலாயிலும் இல்லை என்று சொல்வது முழு உண்மை அல்ல. "எங்கள் தோட்டத்தில் ஒரு கோயில் இருக்கிறது. அந்தக் கோயிலில் ஆண்டுதோறும் தீமிதி நடக்கும்" என்று நாம் சொல்கிறோம். முதன்முதலாக அறிமுகப்படுத்தும்போது "ஒரு", கேட்பவருக்குத் தெரிந்தபின் "அந்த". ஆங்கிலத்தின் "எ", "தி" என்ற வேறுபாட்டில் பெரும்பகுதி இதுதான். உயிரெழுத்துக்கு முன் "ஓர் ஊர்" என்றும் மெய்யில் தொடங்கும் சொல்லுக்கு முன் "ஒரு நாள்" என்றும் எழுதக் கற்ற பிள்ளைக்கு, "ஆன்" எங்கே வரும் என்பதைச் சொல்லித்தரவே வேண்டியதில்லை. எழுத்தைப் பார்க்காமல் ஒலியைக் கேட்க வேண்டும் என்று மட்டும் நினைவூட்டுங்கள். "ஹவர்" என்ற சொல்லில் முதல் எழுத்து ஒலிக்காததால் "ஆன் ஹவர்". "யூனிவர்சிட்டி" யகர ஒலியில் தொடங்குவதால் "எ யூனிவர்சிட்டி". தமிழ் கைகொடுக்காத இடமும் உண்டு. "அட்வைஸ்", "இன்ஃபர்மேஷன்", "ஹோம்வொர்க்", "ஃபர்னிச்சர்" ஆகியவை ஆங்கிலத்தில் எண்ணப்படாத பெயர்கள். அவற்றுக்குப் பன்மையும் இல்லை, முன்னால் "எ" என்பதும் இல்லை. இவற்றை மனப்பாடம் செய்வதைத் தவிர வேறு வழி எனக்குத் தெரியவில்லை.

"சின்ஸ்", "ஃபார்" இரண்டையும் குழப்பிக்கொள்ளும் பிள்ளைக்கு இரண்டு தமிழ் உருபுகள் போதும். "2019-இலிருந்து இங்கே இருக்கிறோம்" என்பதில் "இருந்து" வருகிறது, அதற்கு "சின்ஸ்". "மூன்று ஆண்டுகளாக இருக்கிறோம்" என்பதில் "ஆக" வருகிறது, அதற்கு "ஃபார்". வேற்றுமை உருபுகள் எல்லாம் இவ்வளவு நேராகப் பொருந்திவிடாது. "இல்" என்ற ஒரே உருபு "இன்", "ஆன்" (on), "அட்" என மூன்றாகப் பிரிகிறது. "அதைப் பற்றிக் கலந்துபேசினோம்" என்று நினைத்து "டிஸ்கஸ் அபவுட்" என்று எழுதுவதும் பிழை. "டிஸ்கஸ்" தானே செயப்படுபொருளை ஏற்கும், நடுவில் எதுவும் தேவையில்லை. ஆகவே இடைச்சொற்களைத் தனியாகப் பட்டியலிட்டுப் படிக்காமல், வினையோடு சேர்த்து ஒரே சொல்லாக எழுதி வைக்கச் சொல்லுங்கள்: "லிஸன் டு", "டிபெண்ட் ஆன்", "மேரிட் டு".

இதற்கெல்லாம் ஒரு நோட்டுப் புத்தகம் தேவை. மளிகைக் கடைக்காரர் வைத்திருக்கும் கடன் நோட்டைப் போன்றது அது. செய்த பிழையை இடப்பக்கத்திலும் திருத்தத்தை வலப்பக்கத்திலும் எழுதி, அடியில் அதே அமைப்பில் சொந்தமாக ஒரு வாக்கியம் எழுத வேண்டும். ஞாயிற்றுக்கிழமை அந்த வாரத்துப் பிழைகளை மட்டும் வலப்பக்கத்தை மறைத்துக்கொண்டு திருத்திப் பார்க்க வேண்டும். மூன்று வாரம் தொடர்ந்து சரியாக வந்த பிழையின்மேல் கோடு கிழித்துக் கணக்கைத் தீர்த்துவிடலாம். கடையில் வாங்கிய பயிற்சி நூலில் நூறு கேள்விகளுக்கு விடையளிப்பதைவிட, தன் பிழைகளில் பத்தைத் தீர்ப்பது பிள்ளைக்கு அதிகப் பயன் தரும்.

இடைவெளி நிரப்பும் பயிற்சியையும் வீட்டிலேயே செய்துகொள்ளலாம். வாசித்து முடித்த பத்தியைக் கையால் பார்த்து எழுதும்போது, பத்து இடங்களில் துணைவினை, இடைச்சொல், "எ", "தி" ஆகியவற்றை விட்டுவிட்டு எழுத வேண்டும். இரண்டு நாள் கழித்து மூலத்தைப் பார்க்காமல் நிரப்பி, பிறகு ஒப்பிட வேண்டும். இரண்டு பிள்ளைகள் இருந்தால் ஒருவர் தயாரித்ததை மற்றவர் நிரப்பலாம். எந்தச் சொல்லை எடுத்தால் அடுத்தவர் திணறுவார் என்று யோசிக்கும் பிள்ளை, தேர்வாளர் யோசிக்கும் விதத்தையே கற்றுக்கொள்கிறது. விடுபட்ட வாக்கியங்களைப் பொருத்தும் பகுதிக்கு, ஒரு செய்தியை வாக்கியம் வாக்கியமாகக் கத்தரித்துக் கலைத்துவிட்டு மறுபடி அடுக்கச் சொல்லலாம். "திஸ்", "தே", "ஹவெவர்" போன்ற சொற்கள் முந்தைய வாக்கியத்தில் எதைத் திரும்பிப் பார்க்கின்றன என்று விரலால் தொட்டுக் காட்டிய பிறகே அடுக்க வேண்டும்.

படிவம் நான்கின் இரண்டாம் பாதி வரை கடிகாரத்தைப் பார்க்க விடாதீர்கள். அதன் பிறகு இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, முழு வாசிப்புத் தாள் ஒன்றை 90 நிமிடத்தில் செய்து பழக வேண்டும். கேள்விக்குச் சராசரியாக இரண்டேகால் நிமிடம் கிடைக்கும். சிறு பனுவல்களில் மிச்சப்படுத்தும் நேரத்தை நீண்ட பனுவலுக்குக் கொடுக்க வேண்டும். விடைகளைத் திருத்தியதும் மதிப்பெண்ணைக் கேட்காமல், பிழையான ஒவ்வொரு விடைக்கும் உரிய வாக்கியத்தைப் பனுவலில் தேடி, அதன் முதன்மை வினையை வட்டமிட்டு, அதைத் தமிழில் சொல்லச் சொல்லுங்கள். அப்படிச் சொல்ல முடிந்தபின் அந்தப் பிழையை நோட்டில் எழுதிக்கொள்ளட்டும்.