எம்.எஸ்.டபிள்யூ. (சமூகப் பணி முதுகலை) முடித்தாச்சு, இனி யாரோடு வேலை?

"குழந்தைகள்னா எனக்கு உயிர்" என்று சொல்லிக்கொண்டுதான் பலரும் குழந்தைகள் நலப் பக்கம் போகிறார்கள். போன பிறகுதான் தெரியும், பாதி நாள் காகிதத்தோடு கழிகிறது என்று. 2015 இளைஞர் நீதிச் சட்டப்படி, மீட்ட குழந்தையைப் பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்துக்குள் குழந்தைகள் நலக் குழு முன் நிறுத்தியாக வேண்டும். குழந்தைகள் உதவி எண்ணான 1098-க்கு அழைப்பு வந்தால் ராத்திரி பகல் கிடையாது.

என்னைக் கேட்டால், எந்த மாதிரித் தோல்வியை உங்களால் தாங்க முடியும் என்று யோசித்துத் தேர்ந்தெடுங்கள். குடிநோய் மறுவாழ்வு மையத்தில், மூன்று மாதம் தொடாமல் இருந்தவர் தீபாவளிக்கு மறுநாள் தள்ளாடியபடி வாசலில் நிற்பார். "வாங்கண்ணே, உட்காருங்க" என்று மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். எனக்குக் கோபம்தான் வந்தது. முதியோர் பக்கம் மாறினேன். ஒரே கதையைப் பத்தாவது முறை கேட்டாலும் அலுக்கவில்லை.

அப்பாவின் குடி மாதிரி, சொந்த வீட்டுக் காயம் ஆறாமல் இருந்தால் அதே துறைக்கு உடனே போகாதீர்கள்.

படிக்கும்போதே களப்பணிக்கு இரண்டு வேறு இடங்களைக் கேட்டு வாங்குங்கள். ஞாயிறு ராத்திரி எந்த இடத்தை நினைத்தால் வயிற்றைப் பிசைகிறது என்று கவனியுங்கள்.