ஃபேரி கதை சொல்லுமுன் றெக்கையைக் கழற்றுங்கள்

இங்கே தென்னாப்பிரிக்காவில், டர்பனில், நம் பிள்ளைகளுக்கு ஃபேரி (குட்டித் தேவதை) என்றால் பிறந்தநாள் கேக்கில் குத்தி வைக்கிற பிளாஸ்டிக் பொம்மைதான், மினுங்குகிற றெக்கையும் மந்திரக்கோலுமாக. அதை வைத்துக் கதை சொன்னால் கொட்டாவிதான் வரும். அயர்லாந்திலும் ஸ்காட்லாந்திலும் கிராமத்து ஜனங்கள் பயந்து ஒதுங்கிப்போன பழைய ஃபேரியைச் சொல்லிப் பாருங்கள், லோட் ஷெட்டிங் (மின்வெட்டு) முடிந்து விளக்கு எரிந்தாலும் ஒருத்தரும் எழுந்து போக மாட்டார்கள்.

முதல் வேலை, றெக்கையைக் கழற்றுவது. அது பெரும்பாலும் பிற்காலத்தில் ஓவியர்களும் நாடக மேடையும் ஒட்டிவிட்டது. பழைய கதைகளில் அவர்கள் மண்மேட்டுக்கு அடியில் குடியிருக்கிற அக்கம்பக்கத்தார். சந்தைக்குப் போவார்கள், கல்யாணம் பண்ணுவார்கள், கோபம் வந்தால் உங்கள் மாட்டை நோயில் விழவைத்துவிடுவார்கள். இங்கே டோக்கலோஷி என்கிற குட்டிப் பேய்க்குப் பயந்து கட்டில் காலுக்குச் செங்கல் வைக்கிற பேச்சு நம் பிள்ளைகள் காதில் விழுந்ததுதான், அதனால் இந்தப் பயத்தை விளக்கிக்கொண்டிருக்க வேண்டாம். ஆனால் இரண்டையும் ஒரே கதையில் கலக்காதீர்கள், அது வேறு மண், இது வேறு மண்.

அப்புறம் ஏதாவது ஒரு விதியைப் பிடித்துக்கொள்ளுங்கள், கதை அதை யாரோ மீறுவதில்தான் இருக்கிறது. அவர்கள் தருகிற சாப்பாட்டைத் தொடக்கூடாது. ராத்திரியில் வந்து வீட்டு வேலை செய்கிற ஸ்காட்லாந்து பிரவுனிக்குப் பால் வைக்கலாம், புதுத் துணி கொடுத்தால் போயே போய்விடும். அவர்களுடைய முள்மரத்தை வெட்டக்கூடாது. இந்தக் கடைசி விதிக்கு இன்னும் உயிர் இருக்கிறது: அயர்லாந்தின் கிளேர் பகுதியில் புதுச் சாலைக்காக ஒரு முள்மரத்தை வெட்டப் பார்த்தபோது, எடி லெனிஹன் என்ற கதைசொல்லி 1999-ல் கூடாது என்று குரல் கொடுத்தார், மரத்தை விட்டுவைத்துத்தான் சாலை போட்டார்கள்.

ஆரம்பிக்க, அயர்லாந்துப் பழங்கதை வீரன் ஒஷீன் கதையை விட நல்லது கிடையாது. நீவ் என்கிற பெண் வெள்ளைக் குதிரையில் வந்து அவனை இளமை மாறாத நாட்டுக்குக் கூட்டிப்போகிறாள். அங்கே கொஞ்ச வருடம்தான் என்று அவன் நினைத்தது இங்கே முந்நூறு வருடம். ஊர் ஆசையில் திரும்பி வருகிறான், ஆனால் கால் மண்ணில் படக்கூடாது. வழியில் பெரிய கல்லை நகர்த்த முடியாமல் திணறுகிற ஆட்களுக்கு உதவக் குதிரைமேல் இருந்தபடியே குனிகிறான். சரி, இங்கே நிறுத்துங்கள். பிள்ளைகளைக் கத்த விடுங்கள், இங்கிலீஷில் கத்தினாலும் பரவாயில்லை, நீங்கள் தமிழிலேயே தொடருங்கள். சேணத்து வார் அறுகிறது, விழுந்த இடத்திலேயே கிழவனாகிவிடுகிறான்.

சின்னதுகளுக்கு முட்டை ஓட்டுக் கதை. ஃபேரிகள் தொட்டில் பிள்ளையைத் தூக்கிப்போய்விட்டு அந்த இடத்தில் தங்கள் கிழட்டு ஆள் ஒன்றைப் படுக்கவைத்துவிடுவார்கள். சந்தேகப்பட்ட தாய் முட்டை ஓட்டில் தண்ணீர் ஊற்றி பியர் காய்ச்சுகிற மாதிரி அடுப்பில் வைக்கிறாள், பேச்சே வராத குழந்தை எழுந்து உட்கார்ந்து, 'இத்தனை வயசுக்கு இப்படி ஒன்றைப் பார்த்ததே இல்லையே' என்று வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்கிறது. கிழட்டுக் குரலை நீங்கள்தான் போடவேண்டும், வெட்கப்பட்டால் கதை போச்சு. தொட்டிலுக்குக் குறுக்கே இரும்பு இடுக்கி வைத்துக் காவல் காத்ததையும் சேர்த்துக்கொள்ளுங்கள், பிள்ளை பெற்ற அறையில் இரும்பு வைத்துப் பழகிய ஆயா யாராவது பக்கத்தில் இருந்தால் மீதியை அவரே பேசிவிடுவார்.

இந்தக் கதையை உடம்பு சரியில்லாத பிள்ளையையோ வளர்ச்சி குறைந்த பிள்ளையையோ மனதில் வைத்து விளையாட்டுக்குக்கூடச் சொல்லாதீர்கள். 1895-ல் அயர்லாந்தின் டிப்பரேரியில் பிரிஜெட் கிளியரி என்ற பெண்ணை, இவள் என் மனைவியே இல்லை, ஃபேரிகள் மாற்றிவைத்தது என்று சொல்லிப் புருஷனே எரித்துக் கொன்றான். வளர்ந்த பிள்ளைகளிடம் மட்டும் சொல்லவேண்டிய விஷயம் இது.

'நிஜமா?' என்று கட்டாயம் கேட்பார்கள். அதற்குக் காட்டிங்லி படங்கள் இருக்கின்றன. 1917-ல் இங்கிலாந்தில் இரண்டு பெண்பிள்ளைகள் ஃபேரிகளோடு நின்று போட்டோ எடுத்தார்கள். அதில் சின்னவள் பிரான்சிஸ் நம் தென்னாப்பிரிக்காவிலிருந்து அப்போதுதான் போனவள், இதைக் கேட்டதும் பிள்ளைகள் நிமிர்ந்து உட்காருவார்கள். ஷெர்லாக் ஹோம்ஸை எழுதிய கானன் டாயில்கூட அந்தப் படங்களை நம்பினார். காகிதத்தில் வெட்டி, தொப்பி ஊசியால் குத்தி நிறுத்தியவை என்று 1983-ல்தான் இருவரும் ஒத்துக்கொண்டார்கள், அப்போதும் ஐந்தாவது படம் மட்டும் நிஜம் என்று பிரான்சிஸ் விடவில்லை. படங்களை முதலில் காட்டுங்கள், ஊசி விஷயத்தை அவர்கள் சண்டை போட்டு முடித்த பிறகு சொல்லுங்கள்.