ஒரே ஸ்டோரேஜ், ஊருபட்ட ஓஎஸ்: போர்ட் செட்டிங் வைக்கப் பழகுவோம்

நாகர்கோவில்ல நான் வேலை பாக்குற இடத்துல சர்வர் ரூம் சின்னதுதான், ஆனா ஒரே ஸ்டோரேஜ்ல (எல்லா சர்வருக்கும் டிஸ்க் குடுக்குற பொதுப் பெட்டி) விண்டோஸ், லினக்ஸ், விஎம்வேர், போதாக்குறைக்கு பழைய ஏஐஎக்ஸ் (ஐபிஎம்மோட ஓஎஸ்) ஒண்ணுன்னு எல்லாம் தொங்கிக் கிடக்கு. புதுசா வாற பிள்ளைய எல்லாம் முதல்ல கேக்குறது இதத்தான், "டிஸ்க்க வெட்டிக் குடுத்தா போதாதாண்ணே, இந்த ஹோஸ்ட் மோடு என்னத்துக்கு?"

களியக்காவிளை பக்கம் கடைக்காரங்கள பாத்திருப்பிய. வாறவரு மலையாளத்துல கேட்டா மலையாளத்துல பதிலு, தமிழ்ல கேட்டா தமிழ்ல, சாமான் என்னமோ ஒண்ணுதான். ஹோஸ்ட் மோடும் அப்படித்தான், எதிர்ல உள்ள சர்வர் எந்த ஓஎஸ்னு ஸ்டோரேஜுக்குச் சொல்லுற செட்டிங். எல்லா ஓஎஸ்ஸும் டிஸ்க்கோட பேசுற பாஷை ஸ்கசிதான், ஆனா லன் (ஸ்டோரேஜ்ல வெட்டிக் குடுக்குற டிஸ்க்) நம்பர எப்படி எண்ணணும், ஒரு பாதை போச்சுன்னா என்ன பதில் வந்தா புரியும்ங்கறதுல ஒவ்வொண்ணும் ஒரு தினுசு. பழைய எச்பி யூஎக்ஸுக்கு (எச்பி கம்பெனியோட ஓஎஸ்) மோடு மாறிப்போச்சுன்னா ஒரு டார்கெட்டுக்கு, அதாவது ஒரு ஸ்டோரேஜ் போர்ட்டுக்கு, 8 லன்னுக்கு மேல கண்ணுலயே படாது.

சரி, வேலைக்கு வருவோம். முதல்ல சர்வர்ல உள்ள எச்பிஏ கார்டோட (ஸ்டோரேஜ் கேபிள் சொருகுற கார்டு) டபிள்யூடபிள்யூபிஎன் எடுக்கணும், அதுதான் அந்த போர்ட்டோட அடையாள நம்பர், 16 எழுத்து இருக்கும். விண்டோஸ்னா பவர்ஷெல்லுல கெட் இனிஷியேட்டர்போர்ட் அடிச்சா வரும், லினக்ஸ்னா சிஸ் ஃபோல்டருக்குள்ள எஃப்சி ஹோஸ்ட்ல போர்ட் நேம்னு கிடக்கும். தயவுசெஞ்சு காப்பி பேஸ்ட் பண்ணுங்க. நான் ஒருக்கா பேப்பர்ல எழுதி, பி-ய 8-னு வாசிச்சு, அரை நாள் சுவிட்ச்சத்தான் திட்டிக்கிட்டு இருந்தேன்.

அடுத்தது ஸ்டோரேஜ்ல உள்ள போர்ட். சர்வருக்கும் ஸ்டோரேஜுக்கும் நடுவுல சுவிட்ச் இருந்தா ஃபேப்ரிக் ஆன், பாயின்ட் டு பாயின்ட். ஸ்பீடு ஆட்டோல விடலாம், ஆனா 32ஜி போர்ட் 16, 8 வரைக்கும்தான் இறங்கி வரும், பழைய 4ஜி கார்ட நேரா அதுல சொருகிட்டு லைட்டு எரியலன்னு நிக்காதீங்க.

இனிதான் முக்கியமான இடம். ஸ்டோரேஜ்ல ஒவ்வொரு சர்வருக்கும் தனி ஹோஸ்ட் குரூப் (எந்த சர்வருக்கு எந்த லன்னுன்னு பிரிக்கிற பட்டியல்) போடுங்க, பேரு சர்வர் பேரே இருக்கட்டும், அதுல டபிள்யூடபிள்யூபிஎன்ன சேத்துட்டு மோட வைங்க. ஹிட்டாச்சின்னா விண்டோஸுக்கு 2சி, விஎம்வேருக்கு 21, லினக்ஸுக்கு 00, ஏஐஎக்ஸுக்கு 0எஃப். மத்த கம்பெனி பாக்ஸ்ல பெரும்பாலும் ஓஎஸ் பேரே லிஸ்ட்ல வரும். இதெல்லாம் முடிஞ்ச பெறவுதான் லன்ன மேப் பண்ணணும், 0-ல இருந்தே நம்பர் குடுங்க, 0 இல்லன்னா சில ஓஎஸ் மிச்சத்தையும் தேடாது. மோட பெறவு மாத்திக்கிடலாம்னு நினைச்சா, டேட்டா ஓடிட்டு இருக்கும்போது மாத்துனா டிஸ்க் வேற ஆளா தெரியலாம், சர்வர நிறுத்தாம கை வைக்கக் கூடாது.

சோம்பல்பட்டு விண்டோஸையும் லினக்ஸையும் ஒரே குரூப்ல போட்டுராதீங்க மக்களே. லினக்ஸ் டிஸ்க் விண்டோஸ்ல போய் நிக்கும், பார்ட்டிஷன் டேபிள் போடாம லினக்ஸ் நேரா பயன்படுத்துற டிஸ்க்கா இருந்தா, டிஸ்க் மேனேஜ்மென்ட்ட திறக்கும்போது "இனிஷியலைஸ் பண்ணவா"ன்னு ஒரு பெட்டி வரும், யாராவது பழக்கதோஷத்துல ஓகே தட்டுனா டிஸ்க்கோட தொடக்கத்துல லினக்ஸ் எழுதி வச்ச தகவல் காலி. அந்தப் பெட்டிய நான் நேர்ல பாத்திருக்கேன், மவுஸ் ஓகே மேலயே நின்னுச்சு, கேன்சல் பண்ணுற வரைக்கும் மூச்சு விடல.

சர்வர் பக்கம் ரீஸ்கேன் (புது டிஸ்க்க தேடச் சொல்லுறது), மல்டிபாத் (ஒரே டிஸ்க்குக்கு வாற பல பாதைய ஒண்ணா சேக்குறது) ஆன். லினக்ஸ்ல மல்டிபாத் மைனஸ் எல்எல் அடிச்சா ஒரு லன்னுக்கு நாலு பாதை தெரியணும் (ரெண்டு கார்டு, ஒவ்வொண்ணுக்கும் ரெண்டு ஸ்டோரேஜ் போர்ட்னா). ஒரே லன் நாலு டிஸ்க்கா தெரிஞ்சா மல்டிபாத் வேலை செய்யலன்னு அர்த்தம்.

கடைசியா பெரிய ஃபைல் ஒண்ண காப்பி போட்டுட்டு ஒரு கேபிள உருவுங்க. கொஞ்ச நேரம் நிக்கும், பெறவு தானா ஓடும். திருப்பிச் சொருகி நாலும் வந்தாச்சான்னு பாத்த பெறவுதான் அடுத்த கேபிள்ல கை வைக்கணும், கேட்டியளா.