தலை சாய்ந்த முயல்: வீட்டில் வைத்துப் பார்க்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

காலையில் கூண்டைத் திறந்தால், நேற்று ராத்திரி வரை துள்ளிக்கொண்டிருந்த முயல் கழுத்து ஒரு பக்கமாகத் திருகிக் கிடக்கிறது. தூக்கப் போனால் உருண்டு உருண்டு போய்ச் சுவரில் மோதுகிறது. கண்மணிகள் பக்கவாட்டில் வெட்டி வெட்டி ஓடுகின்றன. பார்ப்பவருக்கு ஈரக்குலை நடுங்கிவிடும். கேரள-தமிழ்நாடு எல்லையில் இருக்கும் வேலந்தாவளத்துக்கு மேற்கே, தென்னந்தோப்புக்குள் இருக்கும் எங்கள் வீட்டில் எங்கள் முயல் சீனிக்கு அப்படித்தான் ஆனது. பக்கத்துத் தோட்டத்துப் பெரியம்மா எட்டிப் பார்த்துவிட்டு, "கழுத்து வாதம் கண்ணு. இனித் தேறாது, இம்சைப்படுத்தாம விட்டுரு" என்றார். இரக்கத்தில்தான் சொன்னார். ஆனால் சீனி தேறியது. ஏழு வாரம் ஆனது. தலை இன்றும் கொஞ்சம் சாய்ந்தே இருக்கிறது, ஆனாலும் ஓடுகிறது, தின்கிறது, கோபம் வந்தால் பின்காலால் தரையைத் தட்டுகிறது.

அந்த ஏழு வாரத்தில் நானும் சில தவறுகள் செய்தேன். கொழிஞ்சாம்பாறை, கோபாலபுரம் பக்கம் முயல் வளர்க்கிறவர்கள் செய்யும் தவறுகளையும் பார்த்துவிட்டேன். ஒன்று நன்றாகப் புரிந்தது. தலை சாய்ந்த முயல்களில் பல, சாய்ந்த தலையால் சாவதில்லை. தீனி எடுக்காமல் குடல் நின்றுபோய், அல்லது நாம் பதற்றத்தில் கொடுத்த ஏதோ ஒன்றால் சாகின்றன.

முதல் தவறு, பார்த்தவுடனே இது வாதம், சுளுக்கு என்று நாமே முடிவு கட்டுவது. தலை சாய்வது நோய் அல்ல, உடம்பு தன் சமநிலையை இழந்ததன் அடையாளம். அதற்குப் பெரும்பாலும் இரண்டு காரணங்கள். ஒன்று, காதின் உட்பகுதியில் சீழ் பிடிப்பது. வெளியிலிருந்து பார்த்தால் காது சுத்தமாகவே தெரியலாம். காது மடிந்து தொங்கும் ஜாதி முயல்களுக்கு இது அதிகம். இன்னொன்று, என்செபலிடோசூன் குனிகுலி என்ற நுண்ணிய ஒட்டுண்ணி. 1922-லேயே முயல்களிடம் கண்டுபிடிக்கப்பட்ட இது, சிறுநீரகத்திலும் மூளையிலும் குடியேறும். நோயுள்ள முயலின் சிறுநீர் பட்ட தீனி, தண்ணீர் வழியாகப் பரவும். பல முயல்களின் உடம்பில் ஆண்டுக்கணக்கில் சத்தமில்லாமல் இருந்துவிட்டு, வெயில், பயணம், வேறு நோய் என்று உடம்பு தளரும் நேரத்தில் தலைகாட்டும். இவை தவிர அடிபட்டாலும் தலை சாயலாம். முகம் ஒரு பக்கம் தொங்கினால் காதுப்பக்கம் சந்தேகம் போகும். பின்கால் வலுவிழந்தாலோ, கண்ணுக்குள் வெள்ளையாகப் படர்ந்தாலோ ஒட்டுண்ணிப் பக்கம் போகும். இரண்டுக்கும் மருந்து வேறு. அதனால் டாக்டரிடம் போகும் முன் போனில் ஒரு நிமிட வீடியோ எடுத்து வையுங்கள். வண்டியில் போய் இறங்கும்போது கண் ஓட்டம் நின்றிருக்கலாம். வீடியோ இருந்தால் டாக்டருக்குப் பாதி வேலை மிச்சம்.

காதில் எதையாவது ஊற்றுவது அடுத்த தவறு. பூண்டு தட்டிப் போட்டுக் காய்ச்சிய தேங்காய் எண்ணெய், வேப்பெண்ணெய் என்று நம் வீடுகளில் கைவைத்தியத்துக்குக் குறைவில்லை. செவிப்பறை ஓட்டையாகியிருந்தால் அந்த எண்ணெய் நேராக உள்காதுக்குள் இறங்கும். தலைச்சுற்றல் இன்னும் மோசமாகும். காதுக்குள் பழுப்பாகப் பொருக்கு அடைத்திருந்தால் அது காதுப் பூச்சியாக இருக்கும். அதைப் பிய்க்கவே கூடாது. அடியில் சதை ரத்தமாக இருக்கும், தாங்க முடியாத வலி. ஊசி மருந்தோ சொட்டு மருந்தோ கொடுத்தால் பொருக்கு தானாகவே உதிரும். கழுத்தை நேராக்கிப் பிடித்து நீவுவதும், துணி சுற்றிக் கட்டுவதும் அப்படியே. கோளாறு கழுத்தில் இல்லை. அதன் கண்ணுக்கு உலகமே சாய்ந்து சுழல்கிறது, அதை ஈடுகட்டத்தான் தலையைத் திருப்பி வைத்திருக்கிறது. நேராக்கினால் கிறுகிறுப்பு கூடி மறுபடி உருளும்.

மருந்து விஷயத்தைக் கொஞ்சம் நீட்டிச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இங்கேதான் உயிர் போகிறது. குழந்தைகளுக்கு வாங்கி மிச்சமிருக்கும் அமாக்ஸிசிலின் சிரப்பை முயலுக்கு வாய்வழியாகக் கொடுக்கக் கூடாது. ஆம்பிசிலின், கிளிண்டாமைசின், லிங்கோமைசின், எரித்ரோமைசின் எல்லாமே அந்த வரிசைதான். முயலின் வயிறு மாட்டைப் போலவோ நாயைப் போலவோ இல்லை. குருட்டுக்குடல் என்ற பெரிய பையில் இருக்கும் நல்ல கிருமிகள்தான் புல்லை ஜீரணிக்கின்றன. இந்த மருந்துகள் அவற்றை அழித்துவிட, விஷம் கக்கும் கெட்ட கிருமிகள் பெருகி, இரண்டு மூன்று நாளில் பேதியாகி முயல் போய்விடும். சீனிக்கு முதல் நாள் நான் அமாக்ஸிசிலின் வாங்கி வந்து, சிரிஞ்சில் ஏற்றியும் விட்டேன். எதற்கும் கேட்டுவிடலாம் என்று டாக்டருக்குப் போன் செய்ததால் அது பிழைத்தது. இப்போது நினைத்தாலும் கை பதறுகிறது.

ஒட்டுண்ணிக்கு டாக்டர்கள் வழக்கமாகத் தருவது பென்பெண்டசோல், ஆடுகளுக்குக் குடற்புழு நீக்கத் தரும் அதே மருந்து. ஒரு கிலோ எடைக்கு 20 மில்லிகிராம் வீதம், தினம் ஒரு வேளை, 28 நாள். வீட்டில் ஆட்டு மருந்து இருக்கிறதே என்று கண்ணளவில் ஊற்றாதீர்கள். பாட்டிலுக்குப் பாட்டில் வீரியம் வேறு. இந்த மருந்து அபூர்வமாக எலும்பு மஜ்ஜையைப் பாதித்து ரத்த அணுக்களைக் குறைத்துவிடும் என்பதால், டாக்டர் ரத்தப் பரிசோதனை கேட்டால் மறுக்க வேண்டாம். பெயர் ஒத்திருக்கிறதே என்று ஆல்பெண்டசோலை மாற்றிக் கொடுப்பது இன்னும் ஆபத்து. 28 நாள் என்றால் 28 நாள்தான். பத்தாம் நாள் தலை கொஞ்சம் நிமிர்ந்ததும் நிறுத்திவிடுகிறவர்கள் நிறையப் பேர்.

ஸ்டீராய்டு ஊசி பற்றியும் கேளுங்கள். மாடு, நாய்க்குப் பழகிய கை சட்டென்று டெக்ஸாமெதசோன் போட்டுவிடும். முயலின் எதிர்ப்புச் சக்தியை அது வெகுவாகக் குறைக்கும் என்பதால், முயல் பார்த்துப் பழகிய மருத்துவர்கள் பலர் அதைத் தவிர்த்து, வீக்கத்துக்கு மெலாக்ஸிகாம் தருகிறார்கள். "டாக்டர், ஸ்டீராய்டு இல்லாம வேற இருக்குங்களா?" என்று மரியாதையாகக் கேட்பதில் தப்பில்லை.

இனி தீனி. தலை சாய்ந்த முயலுக்குப் பசி இருக்கும், ஆனால் தட்டு எங்கே இருக்கிறது என்று பிடிபடாது. ரெண்டு நாள் தின்னாவிட்டால் என்ன என்று விடுவது நாய்க்குச் சரி, முயலுக்கு ஆகாது. 12 மணி நேரம் ஒன்றும் தின்னாமல், புழுக்கையும் போடாமல் இருந்தால் அது அவசரம். குடல் நின்றுபோனால் மறுபடி ஓட வைப்பது கஷ்டம். கைக்கெட்டும் இடத்தில், முயலின் வாய்க்கு நேராக அருகம்புல், கொத்தமல்லி, வேலிமசால், கல்யாணமுருங்கை இலை என்று கட்டாகப் பிடித்துக் கொடுங்கள். சீனி முதல் மூன்று நாள் என் கையிலிருந்து கொத்தமல்லித் தண்டை மட்டும் இழுத்துத் தின்றது.

தானாகத் தின்னவில்லையென்றால் ஊட்டத்தான் வேண்டும். இங்கேயும் கஞ்சித் தண்ணீர், பால், ரொட்டி, பிஸ்கட் என்று நீட்டுவது தவறு. மாவும் சர்க்கரையும் முயலின் குடலைப் புளிக்க வைக்கும். முயல் பெல்லட்டை வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறவைத்து, கீரையோடு மிக்ஸியில் அரைத்து, ஊசி இல்லாத சிரிஞ்சில் ஏற்றுங்கள். நார் அடைத்தால் நுனியைக் கொஞ்சம் வெட்டி, ஓரத்தை மழுங்கத் தேய்த்துவிடுங்கள். ஒரு கிலோ எடைக்கு ஒரு நாளில் ஏறத்தாழ 50 மில்லி, நாலைந்து வேளையாக. முன்பல்லுக்குப் பின்னால் பக்கவாட்டில் ஒரு இடைவெளி இருக்கிறது. அதன் வழியாக அரை மில்லி, ஒரு மில்லி என்று விட்டு, மெல்லுவதைப் பார்த்துவிட்டுத்தான் அடுத்தது. மல்லாக்கப் படுக்க வைத்தோ தலையை அண்ணாத்தியோ ஊட்டவே கூடாது. கூழ் நுரையீரலுக்குள் போய் நிமோனியாவில் முடியும். துண்டில் சுற்றி, மடியில் குப்புற உட்கார வைத்து, நெஞ்சைக் கையால் தாங்கிக்கொண்டு ஊட்ட வேண்டும். முழுசாக மயங்கியோ, விழுங்க முடியாமலோ இருந்தால் ஊட்டவே வேண்டாம், டாக்டரிடம் ஓடுங்கள்.

தண்ணீருக்குக் கூண்டில் தொங்கும் பாட்டில் இப்போது உதவாது. கனமான, தட்டையான மண்சட்டியில் வையுங்கள். கீரையை ஈரத்தோடு கொடுத்தாலும் கொஞ்சம் தண்ணீர் உள்ளே போகும்.

இருக்கும் இடத்தில் செய்யும் தவறுகளும் பல. கம்பிக் கூண்டில் விட்டால் உருளும்போது கால் மாட்டி முறியும். பெரிய அறையில் விட்டாலும் உருண்டு உருண்டு அடிபடும். நான்கு பக்கமும் சுருட்டிய துண்டு அடுக்கிய ஒரு அட்டைப்பெட்டி போதும், அடியில் வழுக்காத பழைய போர்வை. உடம்பு துண்டில் சாய்ந்திருந்தால் தான் விழவில்லை என்று முயலுக்கு நம்பிக்கை வரும், உருளுவதும் குறையும். இருட்டில் அடைத்து வைக்காதீர்கள். காது ஏமாற்றும்போது கண்தான் அதற்குத் துணை, மங்கலாவது வெளிச்சம் வேண்டும். சும்மா சும்மா தூக்கிக் கொஞ்சுவதும் வேண்டாம். தூக்கியே ஆக வேண்டுமென்றால் தலையை நம் மார்போடு சேர்த்து அணைத்து, மெதுவாக.

பாலக்காட்டுக் கணவாய்க்காரர்களுக்கு வெயிலைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. மார்ச், ஏப்ரலில் சில வருஷம் 40 டிகிரியைத் தாண்டிவிடுகிறது. முயலுக்கு 30 டிகிரிக்கு மேல் போனாலே திணறல்தான். வேர்க்காது, காது வழியாகத்தான் சூட்டை வெளியே விடும். தகர ஷெட்டில் நோயாளி முயலை வைப்பது அதைக் கொல்வதற்குச் சமம். வீட்டுக்குள், மண்தரையிலோ டைல்ஸ் தரையிலோ வைத்து, தண்ணீர் உறையவைத்த பாட்டிலைத் துணியில் சுற்றிப் பக்கத்தில் வையுங்கள். குளிப்பாட்டுவது மட்டும் வேண்டாம், அதிர்ச்சியே அதைச் சாய்த்துவிடும்.

மழைக்காலத்தில் ஆபத்து வேறு திசையிலிருந்து வரும். முயல் ஒரு வகை மென்மையான புழுக்கையை நேராக வாயால் எடுத்துத் தின்னும், அது அதற்குச் சத்து. தலை சாய்ந்தால் குனிந்து எடுக்க முடியாது. அது பின்பக்கத்தில் ஒட்டி, சிறுநீரோடு சேர்ந்து தோலைப் புண்ணாக்கும். ஜூன், ஜூலையில் அதில் ஈ உட்கார்ந்தால் ஒரே நாளில் புழு வைத்துவிடும். காலை மாலை வெதுவெதுப்பான ஈரத்துணியால் துடைத்து, நன்றாக உலர்த்துங்கள். உண்ணிக்கு என்று நாய்க்குப் பிடரியில் விடும் பிப்ரோனில் சொட்டு மருந்தை முயல்மேல் போடாதீர்கள். அது முயலுக்கு விஷம்.

கீழ்ப்பக்கம் இருக்கும் கண்ணைப் பலர் மறந்துவிடுகிறோம். அது போர்வையில் உரசிக்கொண்டே இருக்கும். முகநரம்பும் பாதித்திருந்தால் இமை மூடாது. கருவிழியில் புண் வந்தால் கண்ணே போகும். டாக்டர் எழுதிக் கொடுத்த கண் ஈரப்பசை மருந்தை வேளை தவறாமல் போடுங்கள். வீட்டில் கிடக்கும் ஸ்டீராய்டு கலந்த சொட்டு மருந்து வேண்டாம்.

ஜோடி முயல் இருந்தால் பயந்துபோய்ப் பிரித்துவிடுகிறோம். தலை சாயும் நேரத்தில் மற்றதற்கும் பெரும்பாலும் தொற்று ஏற்கெனவே போய்ச் சேர்ந்திருக்கும். துணை இருந்தால் நோயாளி சாய்ந்துகொள்ள ஓர் உடம்பு கிடைக்கும், தீனியும் பார்த்துப் பார்த்துத் தின்னும். மற்றது மிதித்து விரட்டினால் மட்டும் பிரியுங்கள். சிறுநீர் பட்ட இடத்தைத் தினம் கழுவி, பிளீச்சிங் கரைசல் ஊற்றிப் பத்து நிமிடம் ஊறவிட்டு அலசுங்கள். அந்த நேரம் முயல் அங்கே இருக்கக் கூடாது. வீட்டில் புற்றுநோய் சிகிச்சையிலோ, எதிர்ப்புச் சக்தி குறைந்தோ யாராவது இருந்தால் அவர்கள் இந்த வேலையைத் தொட வேண்டாம். அந்த ஒட்டுண்ணி அப்படிப்பட்ட மனிதருக்கும் வரலாம்.

எங்கே போவது என்பதில் எல்லைக்காரர்களுக்கு ஒரு வசதி இருக்கிறது. இந்தப் பக்கம் கேரளத்தின் மிருகாசுபத்திரி (கால்நடை மருத்துவமனை), அந்தப் பக்கம் தமிழ்நாட்டில் பொள்ளாச்சி, கோயம்புத்தூர். பெரிய பரிசோதனை தேவைப்பட்டால் 544-ஆம் நெடுஞ்சாலையில் திருச்சூருக்கு முன்பே மண்ணுத்தியில் கால்நடை மருத்துவக் கல்லூரி. மலையாளத்திலும் அது முயல்தான், பேர் சொல்லி விளக்க வேண்டியதில்லை. எங்கே போனாலும் முதலில் போன் செய்து "முயல் பார்ப்பீங்களா?" என்று கேட்டுவிட்டுக் கிளம்புங்கள். வெயிலில் ஒரு வீண் பயணம் நோயாளி முயலுக்குத் தாங்காது.

கடைசியாக, சீக்கிரம் கைவிடுவது. சரியான மருந்து ஆரம்பித்த பிறகும் முதல் சில நாள் மோசமாகவே தெரியலாம். சீனி ஆறாம் நாள்தான் உருளுவதை நிறுத்தியது. மூன்றாம் வாரம் நாலு எட்டு வைத்து விழுந்தது. தினம் காலையில் சமையலறைத் தராசில் எடை பார்த்து, எத்தனை மில்லி ஊட்டினேன், எத்தனை புழுக்கை போட்டது என்று ஒரு நோட்டில் எழுதினேன். கண்ணுக்கு மாற்றம் தெரியாத நாட்களில் அந்த நோட்டுதான் தெம்பு தந்தது. எடை நிலையாக நின்று, வாய் தின்ன விரும்பும் வரை காத்திருக்கலாம். எடை நாளுக்கு நாள் இறங்கி, மருந்தும் ஊட்டலும் இருந்தும் உருளுவது ஓயாமல், எதையும் விழுங்க மறுத்தால் அப்போது டாக்டரோடு உட்கார்ந்து, அதை வலியில்லாமல் அனுப்புவது பற்றிப் பேசுங்கள். அந்தப் பேச்சைச் சாய்ந்த தலையை மட்டும் பார்த்து, முதல் நாளே ஆரம்பிக்க வேண்டாம்.