பதிவேட்டை அறையிலேயே வைத்துவிட்டு வாருங்கள்

தலைமை ஆசிரியராகப் பொறுப்பேற்ற முதல் வருடம் நான் வகுப்புகளைப் பார்வையிட்ட விதத்தை நினைத்தால் இப்போதும் கூசுகிறது. கையில் பார்வைப் பதிவேடு, முகத்தில் அதிகாரிக்குரிய இறுக்கம். ‘குரல் போதாது, கரும்பலகையை இன்னும் நன்றாகப் பயன்படுத்தலாம்’ என்று எழுதி, ஆசிரியையிடம் கையெழுத்தும் வாங்கிக்கொண்டு வந்துவிடுவேன். அதனால் ஒரு பிள்ளையாவது கூடுதலாக ஒரு கணக்குப் போட்டதாக நினைவில்லை. புதிதாக அந்த நாற்காலிக்கு வருபவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

முதலில் ஒரு பாடவேளையை மீட்டெடுங்கள். எமிஸ் (பள்ளி, மாணவர் விவரங்களை ஏற்றும் அரசு இணையதளம்) பதிவு, சத்துணவுக் கணக்கு, ‘உடனே அனுப்பவும்’ என்று வரும் படிவங்கள் எல்லாம் சேர்ந்து முழு நாளையும் விழுங்கிவிடும். நான் இரண்டாவது பாடவேளையில் போனை மேசை இழுப்பறையில் போட்டுப் பூட்டிவிடுவேன். வானம் இடிந்து விழுந்ததில்லை.

எந்த வகுப்புக்கு வருகிறீர்கள் என்று முன்தினமே சொல்லிவிடுங்கள். போனதும் கடைசி வரிசையில் பிள்ளைகளோடு தரையில் உட்காருங்கள். ஆசிரியரைப் பார்க்க வேண்டாம். பக்கத்தில் இருக்கும் பிள்ளையின் நோட்டைப் பாருங்கள்.

ஒருநாள் மூன்றாம் வகுப்பில் 52-இலிருந்து 17-ஐக் கடன் வாங்கிக் கழித்துக் காட்டினார் ஆசிரியை. தெளிவான பாடம். “புரிந்ததா?” “புரிந்தது டீச்சர்!” கூரை அதிர்ந்தது. அடுத்த கணக்கு, 63-இலிருந்து 28. என் பக்கத்துப் பையன் 45 என்று எழுதினான். எட்டில் மூன்று போக ஐந்து, ஆறில் இரண்டு போக நான்கு. அதற்கடுத்த மூன்று கணக்கிலும் அதே கதைதான். கவனக்குறைவு என்றால் தவறு இப்படி வரிசையாக வராது. பெரியதிலிருந்துதான் சிறியதைக் கழிக்க வேண்டும் என்று முன்பு நாமே சொல்லிக்கொடுத்ததைப் பையன் பிசகாமல் கடைப்பிடித்திருந்தான். இத்தனைக்கும் ‘எண்ணும் எழுத்தும்’ என்ற அரசுத் திட்டத்தின் அரும்பு, மொட்டு, மலர் பட்டியலில் அவன் மேல்நிலையான ‘மலர்’.

ஆசிரியரோடு பேச்சை அன்றைக்கே வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் அறைக்குக் கூப்பிடாமல், அவர் வகுப்பிலேயே. நான் அந்த நோட்டை நீட்டி, “இவன் எப்படி யோசித்திருப்பான்?” என்று மட்டும் கேட்டேன். கொஞ்ச நேரம் பார்த்தவர், “ஐயோ, நான் சொன்னதைத்தான் செய்திருக்கிறான்” என்றார்.

அடுத்து, “உங்களுக்கு நான் என்ன செய்யட்டும்?” என்று கேட்க வேண்டும். கேட்டால் செய்யவும் வேண்டும். தவறு செய்த ஏழு பேரோடு தனியாக உட்கார அவருக்கு ஒரு மணிநேரம் தேவைப்பட்டது. மற்றவர்களை நான் பார்த்துக்கொண்டேன். ஈர்க்குச்சிகளைப் பத்துப் பத்தாக ரப்பர் பேண்டு போட்டுக் கட்டியிருந்தார். ஆறு கட்டு, மூன்று தனிக்குச்சி. எட்டு எடுக்க வேண்டுமே! பையன் ஒரு கட்டைப் பிரிக்க, ரப்பர் பேண்டு தெறித்து ஆசிரியையின் கண்ணாடியில் பட்டது. கடன் வாங்குவது என்றால் கட்டைப் பிரிப்பது என்று அன்றுதான் அவனுக்குப் பிடிபட்டது.

ஒரு தடவைக்கு ஒரு விஷயம் போதும். ஒரு வாரத்துக்குள் மறுபடி போய் அதை மட்டும் பாருங்கள்.

‘என் வகுப்பில் வந்து உட்காராதீர்கள்’ என்று முறைக்கும் மூத்த ஆசிரியர் எல்லாப் பள்ளியிலும் ஒருவர் இருப்பார். அவரை முதலில் உங்கள் வகுப்புக்குக் கூப்பிடுங்கள். என் ஆறாம் வகுப்பு அறிவியல் பாடத்தைப் பின்னால் இருந்து பார்த்தவர், “பெண்பிள்ளைகள் பக்கம் நீங்கள் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை டீச்சர்” என்றார். உண்மைதான். மறுநாள் கேட்டேன். ஜன்னலுக்கு வெளியே நின்று எண்ணிக்கொண்டிருந்தார்.