சம்பளக் கணக்குக்கு விண்டோஸ், மகனுக்கு லினக்ஸ்: ஒரே லேப்டாப்பில் இரண்டையும் வைப்பது எப்படி?

மலேசியாவில் தோட்ட ஆபீஸில் கிராணி (எழுத்தர்) வேலை எனக்கு. சம்பளக் கணக்கு மென்பொருள் விண்டோஸில் மட்டும்தான் ஓடும். பாலிடெக்னிக்கில் படிக்கும் மகனுக்கோ லினக்ஸ் வேண்டும். வீட்டில் இருப்பது ஒரே லேப்டாப். சுங்கை சிப்புட்டில் கடையில் கேட்டால், "எல்லாத்தையும் அழிச்சிட்டுப் புதுசா போட்டுத் தரேன்ணே" என்கிறார்கள். அழிக்கத் தேவையே இல்லை. நாங்கள் விண்டோஸ் 11 பக்கத்தில் லினக்ஸ் வகைகளில் ஒன்றான லினக்ஸ் மின்ட் 22 போட்டோம். மின்ட் 22 இன்னொரு லினக்ஸ் வகையான உபுண்டு 24.04-இன் மேல் கட்டப்பட்டது என்பதால், உபுண்டு போடுபவர்களுக்கும் வழி ஏறக்குறைய இதுதான்.

லினக்ஸ் முழுவதும் அடங்கிய ஐஎஸ்ஓ கோப்பை இறக்குவது, முக்கியமான கோப்புகளை வெளி டிஸ்க்கில் நகல் எடுப்பது எல்லாம் உங்களுக்குத் தெரிந்ததுதான். நகல் எடுக்காமல் மட்டும் தொடங்க வேண்டாம்.

படி 1: பென்டிரைவ்

8 ஜிபி இருந்தால் தாராளம். பாசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) "2 டிபி" என்று எழுதி மலிவாக விற்பதை வாங்காதீர்கள். உள்ளே அந்த அளவு இருக்காது. எழுதும்போது ஒழுங்காக எழுதியதுபோலவே காட்டும், திரும்பப் படிக்கும்போதுதான் பல் இளிக்கும்.

ஐஎஸ்ஓவை பென்டிரைவில் ஏற்ற எனக்கு ரூஃபஸ் என்ற மென்பொருள்தான் பிடிக்கும். பார்ட்டிஷன் ஸ்கீம் ஜிபிடி, டார்கெட் யூஇஎஃப்ஐ, அவ்வளவுதான். வென்டாய் என்ற இன்னொரு மென்பொருளும் நல்லதுதான், ஒரே பென்டிரைவில் பல ஐஎஸ்ஓ வைக்கலாம். ஆனால் செக்யூர் பூட் (அங்கீகாரமில்லாத மென்பொருளிலிருந்து கணினி திறப்பதைத் தடுக்கும் பூட்டு) உள்ள கணினியில் முதல் தடவை அதன் சாவியைப் பதியச் சொல்லி ஒரு நீலத் திரை வரும். புதியவர்கள் அதைப் பார்த்தே லேப்டாப்பை மூடிவிடுவார்கள்.

படி 2: விண்டோஸைத் தயார் செய்வது

லினக்ஸ் போடுவது கஷ்டம் என்று சொல்பவர்களில் பாதிப் பேர் இந்தப் படியைத் தாண்டிக் குதித்தவர்கள். லினக்ஸ் பக்கம் வேலை குறைவு, விண்டோஸ் பக்கம்தான் பூட்டுகள் அதிகம்.

முதல் பூட்டு என்கிரிப்ஷன், அதாவது டிஸ்க்கில் உள்ளதைச் சாவி இல்லாமல் படிக்க முடியாதபடி மறைப்பது. செட்டிங்ஸில் பிரைவசி அண்ட் செக்யூரிட்டி, அதற்குள் டிவைஸ் என்கிரிப்ஷன் என்று போய்ப் பாருங்கள். நீங்கள் போடாமலே அது ஓடிக்கொண்டிருக்கலாம். 24எச்2 பதிப்பிலிருந்து, புதிதாக விண்டோஸ் 11 போட்டு மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்தாலே பெரும்பாலும் தானாக இயங்கிவிடும். அப்படியே பயாஸில் (விண்டோஸுக்கு முன்பே திறக்கும் கணினியின் அடிப்படை அமைப்புப் பக்கம்) கை வைத்தால், அடுத்த தடவை திறக்கும்போது 48 இலக்க மீட்புச் சாவி கேட்கும். அந்தச் சாவி உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கும். முதலில் அதைத் தாளில் எழுதி வையுங்கள், பிறகு என்கிரிப்ஷனை நிறுத்துங்கள். முழுதாக அவிழ நேரமாகும். பேட்டரி செத்த பழைய லேப்டாப் என்றால், சாயங்கால இடிமழை நேரத்தில் இந்த வேலையைத் தொடங்காதீர்கள். நம்ம ஊரில் கரண்ட் எப்போது கண் சிமிட்டும் என்று சொல்ல முடியாது.

இரண்டாவது ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப். கன்ட்ரோல் பேனலில் பவர் ஆப்ஷன்ஸுக்குள் இருக்கிறது, டிக்கை எடுத்துவிடுங்கள். அது இருக்கும்வரை நீங்கள் ஷட் டவுன் கொடுத்தாலும் விண்டோஸ் பாதி தூக்கத்தில்தான் இருக்கும். லினக்ஸிலிருந்து சி டிரைவைத் திறந்தால் எழுத விடாது.

பிறகு டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் சி டிரைவை வலது சொடுக்கி, ஷ்ரிங்க் வால்யூம். அது எம்பி கணக்கில் கேட்கும், 60 ஜிபி ஒதுக்க வேண்டுமென்றால் 61440 என்று அடியுங்கள். வெளி மென்பொருள் எதுவும் வேண்டாம். இடம் நிறைய இருந்தும் கொஞ்சம்தான் சுருக்க முடியும் என்று காட்டினால், நகர்த்த முடியாத கோப்புகள் நடுவில் உட்கார்ந்திருக்கின்றன என்று அர்த்தம். பேஜ்ஃபைல், ஹைபர்னேஷன், சிஸ்டம் புரொடெக்ஷன் மூன்றையும் தற்காலிகமாக நிறுத்தி, ரீஸ்டார்ட் செய்துவிட்டு மறுபடி பாருங்கள். கிடைத்த இடத்தை ஃபார்மட் செய்யாமல் காலியாகவே விடுங்கள்.

படி 3: டிஸ்க் கண்ணுக்கே தெரியாதபோது

நாங்கள் நின்றுபோன இடம் இதுதான். பென்டிரைவிலிருந்து மின்ட் அழகாகத் திறந்தது. இன்ஸ்டால் அழுத்தினால் பட்டியலில் பென்டிரைவ் மட்டும் இருக்கிறது, லேப்டாப்பின் எஸ்எஸ்டியைக் காணோம். "அப்பா, எஸ்எஸ்டி போயிடுச்சா?" என்று பையன் பதறிவிட்டான். போகவில்லை. பல லேப்டாப்களில் சேமிப்பகம் இன்டெல் ஆர்எஸ்டி முறையில் அமைக்கப்பட்டு வருகிறது. அந்த முறையில் இருந்தால் லினக்ஸால் டிஸ்க்கைப் பார்க்க முடியாமல் போகலாம். பயாஸில் அதை லினக்ஸுக்கும் புரியும் பொது முறையான ஏஎச்சிஐ என்று மாற்ற வேண்டும்.

ஆனால் நேரே போய் மாற்றினால் விண்டோஸ் திறக்காது, நீலத் திரை வரும். வரிசை முக்கியம்:

விண்டோஸில் சிஸ்டம் கான்ஃபிகரேஷனைத் திறந்து, பூட் பக்கத்தில் சேஃப் பூட், மினிமல் என்று டிக் செய்யுங்கள். ரீஸ்டார்ட் கொடுத்து, விண்டோஸ் திறக்கும் முன்பே பயாஸுக்குள் நுழையுங்கள். ஆர்எஸ்டியை ஏஎச்சிஐ ஆக்கிச் சேமியுங்கள். இப்போது விண்டோஸ் சேஃப் மோடில் திறக்கும், ஏஎச்சிஐக்கான டிரைவரைத் தானே எடுத்துக்கொள்ளும். மறுபடி சிஸ்டம் கான்ஃபிகரேஷனுக்குப் போய் டிக்கை எடுத்துவிட்டு ரீஸ்டார்ட் செய்தால் பழையபடி வந்துவிடும்.

இதில் ஒரு கொக்கி. சேஃப் மோடில் பின் எண்ணை ஏற்காமல் போகலாம், கணக்கின் பாஸ்வேர்டைக் கேட்கும். தினமும் நாலு எண்ணைத் தட்டிப் பழகியவர்களுக்குப் பாஸ்வேர்டு எங்கே நினைவிருக்கும்? டிக் செய்வதற்கு முன்பே அதைத் தேடி எடுத்து வையுங்கள்.

படி 4: இன்ஸ்டால்

பென்டிரைவிலிருந்து திறக்க லெனோவோ, டெல்லில் எஃப்12, எச்பியில் எஃப்9, ஆசூஸில் எஸ்கேப். இன்ஸ்டால் வகை கேட்கும் இடத்தில் "எரேஸ் டிஸ்க்" பக்கம் கையே போகக்கூடாது. "அலாங்சைட்" என்று ஒன்று வரும், அதுவும் வேலை செய்யும். என் ஓட்டு "சம்திங் எல்ஸ்"க்குத்தான், எதைத் தொடுகிறோம் என்று கண்ணெதிரே தெரியும். காலி இடத்தைத் தேர்ந்து, கூட்டல் குறியை அழுத்தி, வகையில் எக்ஸ்ட்4 (லினக்ஸின் டிஸ்க் வடிவம்), மவுன்ட் பாயின்டில் ஒற்றைச் சாய்கோடு (/) கொடுங்கள். ஸ்வாப் (ரேம் போதாதபோது உதவும் இடம்) பார்ட்டிஷன் தனியாக வேண்டாம். கணினியைத் திறக்கும் கோப்புகளுக்காக விண்டோஸ் வைத்திருக்கும் சின்ன இஎஃப்ஐ பார்ட்டிஷனை இரண்டும் பங்கு போட்டுக்கொள்ளும், அதை ஃபார்மட் செய்துவிடாதீர்கள். மற்றதெல்லாம் நெக்ஸ்ட், நெக்ஸ்ட்தான்.

லினக்ஸில் தமிழில் எழுத ஐபஸ் எம்17என் தொகுப்பைப் போட்டால் தமிழ்99 விசைப்பலகை கிடைக்கும்.

பிற்சேர்க்கை

கடிகாரம் தப்பாகக் காட்டுகிறது என்று பலர் கேட்டுவிட்டீர்கள். லினக்ஸிலிருந்து விண்டோஸுக்கு வந்தால் மணி 8 மணி நேரம் பின்னால் போயிருக்கும். மதர்போர்டு கடிகாரத்தை லினக்ஸ் உலகப் பொது நேரமாகவும் விண்டோஸ் உள்ளூர் நேரமாகவும் எடுத்துக்கொள்கின்றன. மலேசிய நேரம் 8 மணி முன்னால் இருப்பதால் அந்த வித்தியாசம். லினக்ஸ் டெர்மினலில் "டைம்டேட்சிடிஎல் செட்-லோக்கல்-ஆர்டிசி 1" என்ற கட்டளையை ஆங்கில எழுத்தில் கொடுங்கள், சரியாகிவிடும். சம்பளக் கணக்கில் தேதி மாறிவிட்டால் என்ன ஆகும் என்று கிராணிகளுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

ஏசர் வைத்திருப்பவர்களுக்கு: ஆர்எஸ்டியை மாற்றும் வரி பயாஸில் மறைந்திருக்கலாம். மெயின் பக்கத்தில் கன்ட்ரோலும் எஸ்ஸும் சேர்த்து அழுத்திப் பாருங்கள். எஃப்12 வேலை செய்யாவிட்டால் அதே பக்கத்தில் எஃப்12 பூட் மெனு என்பதை எனேபிள் செய்யுங்கள்.

இன்ஸ்டால் முடிந்தும் நேரே விண்டோஸ்தான் திறக்கிறதா? பயாஸ் பூட் வரிசையில் "உபுண்டு" என்று ஒரு வரி இருக்கும். மின்ட் போட்டிருந்தாலும் பெயர் அப்படித்தான் வரும். அதை மேலே ஏற்றிச் சேமியுங்கள்.