பிலடெல்பியாவில் கத்தோலிக்க ஆயர்களின் பள்ளிக்கூடக் கதையை ஒரே காலையில் நடந்து பார்ப்பது எப்படி

சுதந்திர மணியைப் பார்க்க வருகிறவர்கள் அரை மணி நேரத்தில் பார்த்துவிட்டு "அடுத்து எங்கே?" என்பார்கள். வீட்டுக்கு வரும் விருந்தாளிகளை நான் அப்புறம் கூட்டிப்போகும் வழி இதுதான்: இந்த ஊர்க் கத்தோலிக்கர்கள் தங்கள் பள்ளிகளுக்காகப் பட்ட பாட்டைச் சொல்லும் கோவில்கள். முதல் தடவை போனபோது ஒரு கோவில் வாசலில் பூட்டைப் பார்த்துவிட்டுத் திரும்பினேன். பூசை நேரம் தவிர மற்ற நேரத்தில் திறக்காத கோவில்கள் உண்டு. அதனால் முந்தின நாளே போன் செய்து கேட்டுவிடுங்கள். ஞாயிறு வேண்டாம், பூசை நடக்கும்போது சுற்றிப் பார்ப்பது சங்கடம்.

ஆயரின் தலைமைக் கோவிலான பேராலயத்தில் ஆரம்பிக்காதீர்கள், அது கடைசி. ஆரம்பம் நான்காம் தெருவில், பெஞ்சமின் பிராங்க்ளின் பாலத்தை ஒட்டி நிற்கும் புனித அகுஸ்தினார் கோவில். நீங்கள் பார்ப்பது இரண்டாவது கட்டடம். முதலாவதை 1844 மே 8 அன்று கத்தோலிக்கர்களை எதிர்த்த கும்பல் கொளுத்திவிட்டது. காரணம் பள்ளிக்கூடம்! அப்போது அரசுப் பள்ளிகளில் தினமும் புராட்டஸ்டன்டுகளின் கிங் ஜேம்ஸ் பைபிளைத்தான் வாசிப்பார்கள். கத்தோலிக்கப் பிள்ளைகள் தங்கள் பைபிளை வாசிக்க விடுங்கள் என்று இந்த ஊர் ஆயர் கென்ரிக் 1842இல் கல்வி வாரியத்துக்கு எழுதினார். பைபிளே வேண்டாம் என்று அவர் கேட்கவில்லை. 'பைபிளையே பள்ளியிலிருந்து துரத்தப் பார்க்கிறார்கள்' என்று புரளி கிளம்பி, கலவரத்தில் முடிந்தது. காலையில் பார்த்த சுதந்திர மணிக்கு ஒரு தங்கை மணி உண்டு, அது அப்போது இந்தக் கோவிலில்தான் தொங்கியது. தீயில் அதுவும் போயிற்று. அந்த உலோகத்தை மறுபடி வார்த்த மணி இப்போது வில்லனோவா பல்கலைக்கழகத்தில் இருக்கிறது.

இனி வடக்கே, ஐந்தாம் தெரு வழியாக கிரார்ட் அவென்யூ வரை அரை மணி நடை. போகிற வழியில் பழைய செங்கல் கட்டடங்களைக் கண்டால் நின்று நிலைப்படிக்கு மேலே பாருங்கள். பள்ளி என்றோ ஓர் ஆண்டு என்றோ கல்லில் செதுக்கியிருந்தால், உள்ளே இப்போது அடுக்குமாடி வீடாகக்கூட இருக்கலாம்.

ஐந்தாம் தெருவும் கிரார்டும் சேரும் மூலையில் புனித பேதுரு ஆலயம். நேரே கீழ்த்தளக் கோவிலுக்குப் போங்கள். பீடத்துக்கு அடியில் கண்ணாடிப் பெட்டிக்குள் ஆயர் உடையில் படுத்திருப்பவர் ஜான் நியூமன், முகத்தில் மெழுகு முகமூடி. ஆள் ரொம்பக் குள்ளம். பொஹீமியாவில் பிறந்தவர், 1852இல் இங்கே ஆயரானார். ஒவ்வொரு பங்கிலும் (ஒரு கோவிலைச் சேர்ந்த பகுதி) தனித்தனியாக நடந்துகொண்டிருந்த பள்ளிகளை மறைமாவட்டத்தின் (ஆயரின் ஆட்சிப் பகுதி) கீழ் ஒரே அமைப்பாகக் கட்டியது இவர்தான். ஐரிஷ்காரர்களின் பாவசங்கீர்த்தனம் (பாவ அறிக்கை) கேட்பதற்காகவே அவர்கள் மொழியைக் கற்றவர். 1977இல் புனிதர் பட்டம் கிடைத்தது. இங்கே அவசரப்படாதீர்கள்.

அப்புறம் கிரார்ட் அவென்யூவில் G வண்டியில் (முன்பு 15ஆம் எண்) பிராட் தெரு வரை வந்து, சுரங்க ரயிலில் ரேஸ்-வைன் நிலையத்தில் இறங்குங்கள். (அந்த அவென்யூவுக்குப் பெயர் தந்த ஸ்டீபன் கிரார்ட், தான் பணம் வைத்த பள்ளிக்குள் எந்த மதத்துப் போதகரும் கால் வைக்கக் கூடாது என்று உயில் எழுதியவர்! ஒரே ஊர்தான்.) பிராட்-வைன் மூலையில் ரோமன் கத்தோலிக்க உயர்நிலைப் பள்ளி. 1890இல் ஆண்பிள்ளைகளுக்குக் கட்டணமில்லாமல் தொடங்கியது. அங்கிருந்து வைன் தெருவில் கிழக்கே ஒரு தெரு தள்ளி நடங்கள். 1860 ஜனவரி 5 அன்று நியூமன் இந்தப் பக்கத்தில்தான் நடந்துபோகும்போது விழுந்து இறந்தார், வயது 48. இப்போது பக்கத்துப் பள்ளத்தில் விரைவுச்சாலை இரைகிறது, நின்று பேச முடியாது.

கடைசியாகப் பேராலயம், பதினெட்டாம் தெருவில். கட்ட ஆரம்பித்தது கலவரத்துக்கு இரண்டு வருடம் கழித்து, 1846இல். உள்ளே போகும் முன் பக்கச் சுவரைப் பாருங்கள். ஜன்னல்கள் எட்டாத உயரத்தில் இருக்கும். கல் எறிந்து பார்த்து, அது போகும் உயரத்துக்கு மேல் ஜன்னல் வைத்தார்கள் என்பது ஊர்க்கதை. கதையோ நிஜமோ, அகுஸ்தினார் கோவிலைப் பார்த்துவிட்டு வருகிறவர்களுக்கு அது உடனே புரிகிறது. பேராலயத்தைக் கடைசியில் வைப்பது அதனால்தான். உள்ளே கேத்தரின் டிரெக்ஸலின் கல்லறையும் இருக்கிறது. வங்கிக்காரர் மகள், வந்த சொத்தையெல்லாம் கறுப்பின, பூர்வகுடிப் பிள்ளைகளின் பள்ளிகளுக்குக் கொடுத்தவர்.

கத்தோலிக்கப் பள்ளிகள் ஏன் இத்தனை மூடின என்று விருந்தாளிகள் இங்கே கேட்பார்கள். கன்னியாஸ்திரிகள் சொற்பப் பணத்துக்குப் பாடம் எடுத்த காலம் போய், சம்பளத்துக்கு ஆசிரியர் வைக்க வேண்டிவந்தது. குடும்பங்களும் புறநகருக்குப் போய்விட்டன. 2012இல் நாற்பதுக்கும் மேற்பட்ட தொடக்கப் பள்ளிகளையும் நான்கு உயர்நிலைப் பள்ளிகளையும் மூடவோ இணைக்கவோ ஒரு குழு பரிந்துரைத்தது. பெற்றோர் சும்மா இருக்கவில்லை; அந்த நான்கு உயர்நிலைப் பள்ளிகளும் தப்பின.

சாப்பாட்டுக்கு ரீடிங் டெர்மினல் சந்தை, பதினைந்து நிமிட நடை.